லெஸ்டரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள்

பிப்ரவரி, மார்ச் வந்தால் இந்தச் சண்டையும் கூடவே வந்துவிடுகிறது. ஐரோப்பாவில் ஏதாவது ஒரு கால்பந்து அணி பட்டியலின் அடியில் கிடக்கும். பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பு என்று ஒரு கூட்டம் கத்தும். எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி இருக்கிறான். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, லெஸ்டரை மறந்துட்டீங்களா? அன்னைக்கு பியர்சனை அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்பான். அதற்குப் பிறகு யாரும் பேச மாட்டார்கள். இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் 20 அணிகளில் கடைசி மூன்றும் கீழ் லீக்குக்கு இறங்கிவிடும். 2014-15 சீசனில் அங்கே லெஸ்டர் சிட்டி 140 நாட்கள் கடைசி இடத்தில் கிடந்துவிட்டு, கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று தப்பித்ததும், பயிற்சியாளர் நைஜல் பியர்சனைத் திட்டியவர்கள் எல்லாம் வாயடைத்துப் போனதும் கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே பயிற்சியாளரைத் திட்டாதே, பொறுமையாக இரு. வழக்கு முடிந்தது.

எனக்கு இந்தத் தீர்ப்பு இத்தனை வருடம் கழித்தும் ஒட்டவில்லை. நான் லெஸ்டர் ரசிகன் கிடையாது. என் அணி வேறு, அதன் வேதனைகளும் வேறு. ஆனால் அந்த சீசனின் கடைசி இரண்டு மாதம் லெஸ்டர் ஆட்டத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். பார்த்ததற்கும், இப்போது கதையாகச் சொல்லப்படுவதற்கும் நடுவில் எங்கேயோ ஒரு இடைவெளி இருக்கிறது. அதைச் சுற்றிச் சுற்றித்தான் வருகிறேன்.

முதலில், பியர்சனைத் திட்டியவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகத் திட்டவில்லை. ஒரு சாரார் ஆட்டத்துக்காகத் திட்டினார்கள். 2014 செப்டம்பர் 21 அன்று மான்செஸ்டர் யுனைடெடை, 3-1 என்று பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து 5-3 என்று அடித்த அணி, அடுத்த 13 லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. அடுத்த வெற்றி டிசம்பர் 28-ல் ஹல் மைதானத்தில்தான் வந்தது. கிறிஸ்துமஸ் அன்று கடைசி இடம். இதற்குத் திட்டாமல் வேறு எதற்குத் திட்டுவது? இன்னொரு சாரார் திட்டியது அந்த மனிதர் நடந்துகொண்ட விதத்துக்காக. டிசம்பர் 2 அன்று லிவர்பூலிடம் சொந்த மைதானத்தில் 3-1 என்று தோற்றபோது, திட்டிய சொந்த ரசிகர் ஒருவரையே பியர்சன் கெட்ட வார்த்தையில் பேசி, போய்ச் சாகச் சொன்னார். மன்னிப்பும் கேட்க மாட்டேன் என்றார். கால்பந்துச் சங்கம் 10,000 பவுண்ட் அபராதமும் ஓர் ஆட்டத் தடையும் போட்டது. பிப்ரவரி 7-ல் கிரிஸ்டல் பேலஸின் ஜேம்ஸ் மெக்ஆர்தர் எல்லைக்கோட்டில் அவர் மேல் மோதி இருவரும் விழ, தரையில் கிடந்தவரின் கழுத்தில் கையை வைத்து அழுத்தினார். எழுந்த பிறகும் சட்டையை விடவில்லை. விளையாட்டுக்குத்தான் செய்தேன் என்ற தொனியில் அவர் பேசியதை நான் அன்று நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரவு பியர்சன் நீக்கப்பட்டுவிட்டார் என்றே செய்தி பரவியது. சில மணி நேரத்தில் கிளப் மறுத்தது. உள்ளே என்ன நடந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. லெஸ்டர் முதலாளிகள் அசைக்க முடியாத பொறுமையோடு பயிற்சியாளருக்குப் பின்னால் நின்றார்கள் என்று யாராவது சொன்னால், அந்த ஒரு ராத்திரியை மட்டும் நினைத்துக்கொள்வேன். அதற்குப் பெயர் பொறுமையா, குழப்பமா என்று எனக்குத் தெரியவில்லை.

மாறியது என்ன

மார்ச் 21-ல் டாட்டன்ஹாமிடம் 4-3 என்று தோற்றபோது லெஸ்டர் 29 ஆட்டங்களில் 19 புள்ளி. பாதுகாப்பான இடத்துக்கு ஏழு புள்ளி தூரம். அன்று ஹாரி கேன் மூன்று கோல் அடித்தார். மீதி ஒன்பது ஆட்டங்களில் அவர்கள் எடுத்தது 22 புள்ளி. 41 புள்ளியோடு 14-வது இடம். கிறிஸ்துமஸில் கடைசியில் இருந்து பிழைத்த அணிகள் அதுவரை பிரீமியர் லீக்கில் இரண்டுதான். 2004-05-ல் வெஸ்ட் பிராம், 2013-14-ல் சண்டர்லாண்ட். அந்த வெஸ்ட் பிராமில் பிரையன் ராப்சனுக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தவரும் இதே பியர்சன்தான் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஆள் இந்த வேலைக்குப் புதியவர் இல்லை.

இந்த 22 புள்ளியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வெற்றி வெறி, நம்பிக்கை, ஒற்றுமை என்று ஆரம்பிக்கிறார்கள். எனக்கு வேறு ஒரு கணக்கு கண்ணில் படுகிறது. அந்த சீசன் முழுவதும் லெஸ்டர் வாங்கிய கோல் 55. அதில் 48 முதல் 29 ஆட்டங்களில். கடைசி ஒன்பதில் ஏழே ஏழு, அந்த ஏழில் மூன்று செல்ஸியிடம் ஒரே ராத்திரியில். அதாவது இடிந்து கொண்டிருந்த சுவரைப் பூசியிருக்கிறார்கள். எப்படி? பிப்ரவரி தொடக்கத்தில் ஸ்டோக்கிலிருந்து ராபர்ட் ஹூத்தைக் கடனாக எடுத்தார்கள். தடுப்பில் நால்வர் என்பதை மாற்றி ஹூத், வெஸ் மோர்கன், மார்சின் வசிலெவ்ஸ்கி என்று மூன்று மலைகளை நடுவில் நிறுத்தினார்கள். தலையால் முட்டி வெளியே தள்ளு, யோசிக்காதே என்கிற வகைத் தடுப்பு. சீசனில் பெரும் பகுதி பெஞ்சில் இருந்த மார்க் ஆல்பிரைட்டன் வலது ஓரத்தில் மேலும் கீழும் ஓட வந்தார். இடது ஓரத்தில் ஜெஃப் ஷ்லப். ஓரங்களை இவர்கள் பார்த்துக்கொண்டதால் நடுவில் எஸ்டபான் கம்பியாசோவுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. இன்டர் மிலானோடு சாம்பியன்ஸ் லீக் வென்றவர், 34 வயதில் ஏப்ரல் மாதம் தரமிறக்கத்துக்கு எதிராக ஸ்லைடிங் டேக்கிள் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்ப்பதற்கே தனி சுகம்.

ஆக, பயிற்சியாளர் மாறவில்லை, அணி மாறியது. விமர்சித்தவர்கள் கேட்டதில் பாதி நடந்துவிட்டது. சீசன் நடுவில் இப்படியே ஆடினால் கீழே போவோம் என்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்கள் அப்படியே ஆடவில்லை. தம்பியிடம் இதைச் சொன்னால், "மாத்தினவர் பியர்சன்தானே அண்ணே" என்கிறான். சரிதான். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஆனால் அதே மாற்றத்தை நவம்பரில் ஏன் செய்யவில்லை என்று கேட்டால் அவனிடமும் பதில் கிடையாது.

இன்னொரு விளக்கமும் அப்போது லெஸ்டரில் ஓடியது. கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் 2012-ல் தோண்டி எடுத்த மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளை, 2015 மார்ச் 26 அன்று லெஸ்டர் தேவாலயத்தில் முறைப்படி மறுபடி அடக்கம் செய்தார்கள். அதற்கடுத்த ஆட்டம் ஏப்ரல் 4, வெஸ்ட் ஹாமோடு. 2-1 வெற்றி. ராஜா நிம்மதியாகப் படுத்ததால் ஊருக்கு நல்ல காலம் பிறந்தது என்று ரசிகர்கள் பாதி கிண்டலாகவும் பாதி நிஜமாகவும் பேசினார்கள். நம்மூரில் கும்பாபிஷேகம் முடிந்ததும் மழை வந்தால் என்ன பேசுவோமோ அதே பேச்சு. வரிசை சரியாக அமைந்துவிட்டால் காரணம் தானாகவே முளைத்துவிடும். பியர்சனின் பிடிவாதம்தான் காப்பாற்றியது என்கிற விளக்கத்துக்கு இதைவிட அதிக ஆதாரம் இருக்கிறதா என்று சில சமயம் சந்தேகம் வருகிறது.

டர்ஃப் மூரில் ஒரு நிமிடம்

அந்த வெஸ்ட் ஹாம் ஆட்டத்தில் லெஸ்டரின் நுஜன்ட் அடித்த பெனால்டி தடுக்கப்பட்டது. மாற்று ஆட்டக்காரராக வந்த ஆண்டி கிங் 86-வது நிமிடத்தில் அடித்த கோலில்தான் ஜெயித்தார்கள். அடுத்த வாரம் வெஸ்ட் பிராமில் 2-1 என்று பின்தங்கி, 80-வது நிமிடத்தில் ஹூத் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் ஜேமி வார்டி கிட்டத்தட்ட நடுமைதானத்திலிருந்து தனியே ஓடிப்போய் 3-2 ஆக்கினார். மறுவாரம் ஸ்வான்சியை 2-0. கடைசி இடத்திலிருந்து முதல் முறையாக மேலே வந்தார்கள். இவையெல்லாம் தெரிந்தவைதான். எனக்கு எல்லாம் திரும்பிய இடம் ஏப்ரல் 25, பர்ன்லியின் டர்ஃப் மூர் மைதானம்.

நம்ம நேரத்துக்கு இரவு ஏழரை. ஆட்டத்துக்கு முன் லெஸ்டருக்கு 28 புள்ளி, பர்ன்லிக்கு 26. தோற்பவன் குழிக்குள். ஆட்டம் அசிங்கமாக இருந்தது, பயத்தில் ஆடும் இரண்டு அணிகளின் ஆட்டம் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு மணி நேரம் நெருங்கும்போது பர்ன்லிக்குப் பெனால்டி. அடிக்க வந்தவர் மாட் டெய்லர், இடது காலால் பந்தை அடிப்பதில் பேர் பெற்ற அனுபவசாலி. லெஸ்டர் கோல்காப்பாளர் ஷ்மைக்கேல் ஒரு பக்கம் பாய்கிறார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. மைதானம் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கும்போதே பந்து மறுமுனைக்குப் போய்விட்டது. ஆல்பிரைட்டன் குறுக்கே அனுப்பிய பந்தைத் தடுப்பாட்டக்காரர் சரியாக விலக்க முடியாமல் தடுமாற, கோல்கோட்டின் பக்கத்திலிருந்து வார்டி உள்ளே தள்ளினார். அழகான கோல் எல்லாம் இல்லை. பெனால்டிக்கும் இதற்கும் இடையில் ஒரு நிமிடம்தான். 1-0. அப்படியே முடிந்தது.

அந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு, எல்லாமே அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட ரொம்ப நாள் ஆசைப்பட்டேன். பிறகு ஒரு நாள் சீசன் முடிவின் பட்டியலை எடுத்துக் கணக்குப் போட்டேன். அன்று பர்ன்லி வென்றிருந்தால் லெஸ்டர் 41-க்குப் பதில் 38-ல் முடிந்திருக்கும். பர்ன்லி 33-க்குப் பதில் 36. பதினெட்டாவது இடத்தில் இறங்கிய ஹல் 35. பதினேழாவதாகத் தப்பிய ஆஸ்டன் வில்லா 38. அதாவது மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால், பந்து கம்பத்தில் படாமல் உள்ளே போயிருந்தாலும் லெஸ்டர் தப்பித்திருக்கும், பர்ன்லி இறங்கியிருக்கும். காகிதத்தில் அந்த நிமிடத்துக்கு மதிப்பே இல்லை! ஆனால் மற்றதெல்லாம் அப்படியே நடந்திருக்கும் என்று அந்த ஆட்டத்தைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள். மறுபடி கடைசி மூன்றுக்குள் விழுந்த அணி நியூகாசிலை 3-0 என்று அடித்திருக்குமா? அடித்திருக்கலாம். அதிர்ஷ்டக் கட்சிக்கும் சாதகமில்லை, பிடிவாதக் கட்சிக்கும் சாதகமில்லை. நடுவில் மாட்டிக்கொண்டேன்.

நெருப்புக்கோழி

நான்கு வெற்றி வரிசையாக. அடுத்தது ஏப்ரல் 29, செல்ஸி. நம்ம ஊரில் நள்ளிரவு தாண்டி 12.15-க்கு ஆரம்பித்த ஆட்டம். இடைவேளைக்குச் சற்று முன் ஆல்பிரைட்டன் கோல் போட்டார். பிறகு ட்ரோக்பா, டெரி, ராமிரெஸ். 3-1 தோல்வி. சாம்பியன் ஆகப் போகிற அணியிடம் தோற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்த பத்திரிகையாளர் சந்திப்புதான் இந்தச் சீசனின் மிக அதிகம் பார்க்கப்பட்ட காட்சியாக ஆனது.

சீசன் முழுக்கத் தன் ஆட்டக்காரர்கள் வாங்கிய விமர்சனத்தைப் பற்றிப் பியர்சன் பேசுகிறார். ஒரு நிருபர், எந்த விமர்சனத்தைச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். நக்கலாகக் கேட்டது போல எனக்குத் தோன்றவில்லை, விவரம் கேட்கிறார், அவ்வளவுதான். பியர்சன் அவரைப் பார்த்து, நீ ஒரு நெருப்புக்கோழி, உன் தலை மண்ணுக்குள் இருக்கிறது என்கிறார். அதோடு விடவில்லை. தலையை மண்ணுக்குள் நுழைக்கிற அளவுக்கு உன் உடம்பு வளையுமா, எனக்குச் சந்தேகம்தான் என்று போகிறது பேச்சு. குரல் உயரவில்லை. அதுதான் பயங்கரம். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, எதிராளி பதில் சொல்லக் காத்திருந்து, மறுபடி குத்துகிறார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்டார்.

அந்தக் காணொளி நகைச்சுவையாகத்தான் சுற்றியது. இன்றும் சுற்றுகிறது. எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. ஒரு மனிதர் தன் வேலையாகக் கேள்வி கேட்கிறார், மேலே உட்கார்ந்திருப்பவர் ஊர் பார்க்க அவரை நசுக்குகிறார். அலுவலகத்தில் இப்படி ஒரு மேலாளரிடம் வேலை பார்த்தவர்களுக்கு அந்த அமைதியான குரல் தெரியும். இலக்கை எட்டிவிட்டால் அந்தக் குரல் மன்னிக்கப்பட்டுவிடும் என்பதும் தெரியும். லெஸ்டர் அடுத்த நான்கு ஆட்டங்களில் மூன்றை வென்றது, சண்டர்லாண்டில் 0-0 எடுத்து பிழைத்தது, கடைசி நாளில் கியூபிஆரை 5-1 என்று புரட்டியது. உடனே எல்லாக் கணக்கும் தீர்ந்துவிட்டதாக எழுதினார்கள். ஆட்டத்தைப் பற்றிய விமர்சனத்துக்கு 22 புள்ளி பதில்தான், அதை மறுக்க முடியாது. கழுத்தில் வைத்த கைக்கும், சாகச் சொன்ன வாய்க்கும், நெருப்புக்கோழிக்கும் அது எப்படிப் பதிலாகும்?

பியர்சனுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்கள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. பயிற்சியாளரை அனுப்ப நினைக்கிற அணி, பாதுகாப்பான இடத்துக்கு ஏழு புள்ளி கீழே இருக்கும்போது 86-வது நிமிடத்தில் கோல் தேடி ஓடாது. வெளியே காட்டிய முரட்டுத்தனமே உள்ளே ஒரு கூரையாக இருந்திருக்கலாம், அடி எல்லாம் தன் மேல் விழட்டும் என்று. அப்படியானால் அந்தக் கூரைக்கு விலை கொடுத்தது கேள்வி கேட்ட நிருபரும், டிக்கெட் வாங்கி வந்த ரசிகரும்.

காப்பாற்றியவர் போனார், இறங்கியவர் இருந்தார்

2015 ஜூன் 30 அன்று லெஸ்டர் பியர்சனை நீக்கியது. சீசன் முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. தாய்லாந்துச் சுற்றுப்பயணத்தில் மூன்று இளம் ஆட்டக்காரர்கள் மோசமான ஒரு காணொளி விவகாரத்தில் சிக்கி வெளியேற்றப்பட்டார்கள், அதில் ஒருவர் அவருடைய மகன். கண்ணோட்டத்தில் அடிப்படை வேறுபாடு என்று கிளப் சொன்னது. ஜூலையில் கிளாடியோ ரனியேரி வந்தார், அடுத்த மே மாதம் பிரீமியர் லீக் கோப்பையே வந்தது. அந்தக் கோப்பை யாருடையது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை, அது தனிக் கட்டுரை.

எனக்குச் சுவாரசியம், டர்ஃப் மூரில் எதிர்ப்பக்கம் நின்ற ஆள். பர்ன்லி பயிற்சியாளர் ஷான் டைச். அந்த சீசனின் முதல் பத்து லீக் ஆட்டங்களில் பர்ன்லி ஒன்றைக்கூட வெல்லவில்லை. 19-வதாக முடிந்து இறங்கியது. டைச்சை யாரும் தொடவில்லை. அடுத்த வருடமே 93 புள்ளியோடு இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பை வென்று மேலே கூட்டி வந்தார், 2017-18-ல் ஏழாவது இடம் வரை போனார். பொறுமைக்கு உதாரணம் வேண்டுமென்றால் தம்பி பர்ன்லியைச் சொல்ல வேண்டும். ஆனால் பர்ன்லிக்கு அப்படி ஒரு ஏப்ரல் கிடையாது, அதனால் யாருக்கும் நினைவில்லை.

பொறுமைதான் லெஸ்டரின் மந்திரம் என்பவர்களுக்கு 2022-23-ஐயும் ஞாபகப்படுத்துவேன். அதே கிளப். எஃப்ஏ கோப்பை வென்று கொடுத்த பிரெண்டன் ராஜர்ஸ், அணி சரியச் சரிய, ஏப்ரல் 2 வரை இருந்தார். 28 ஆட்டம், 25 புள்ளி. 2015-ல் ஓர் ஆட்டம் அதிகம் ஆடியும் 19-தான் இருந்தது, அதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் 34 புள்ளியோடு இறங்கியது. அன்று இரண்டே புள்ளியில் அவர்களை முந்திப் பிழைத்தது எவர்டன். ஜனவரியிலேயே ஃபிராங்க் லாம்பார்டை அனுப்பிவிட்டு அவர்கள் கொண்டுவந்தது இதே ஷான் டைச்சைத்தான்.

பியர்சனும் ஒரு தடவை இப்படி நடுவில் கூப்பிடப்பட்டார். 2019 டிசம்பர், கடைசி இடத்தில் கிடந்த வாட்ஃபோர்டு. 15 ஆட்டங்களில் எட்டுப் புள்ளி வைத்திருந்த அணியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். 2020 பிப்ரவரி 29-ல், லீக்கில் 44 ஆட்டங்களாகத் தோற்காத லிவர்பூலை 3-0 என்று சாய்த்தார்கள். ஜூலை 19-ல், இரண்டே ஆட்டம் மீதமிருக்க, இறங்கும் இடத்துக்கு மூன்று புள்ளி மேலே இருக்கும்போது அவரை நீக்கினார்கள். அந்த இரண்டிலும் தோற்று, ஒரே ஒரு புள்ளி குறைவில் வாட்ஃபோர்டு இறங்கியது. இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. எதிரே நின்றது மான்செஸ்டர் சிட்டியும் ஆர்சனலும். அவரை எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. ஆனால் அந்த இரண்டு ஆட்டமும் அவருக்குச் சேர வேண்டியவை.